3 பூமி அகலம் இருந்த புயல், இப்போ 1 பூமிதான்! வியாழனின் சிவப்புப் புள்ளியை வீட்டிலிருந்தே வரைந்து அளப்பது எப்படி?

வியாழன் கோள் என்றாலே நினைவுக்கு வருவது அதன் தென்பகுதியில் சுழலும் பெரும் சிவப்புப் புள்ளிதான். பூமியையே உள்ளே வைத்துவிடக் கூடிய இந்தப் புயல், ஒன்றரை நூற்றாண்டாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இது நமக்கு எப்படித் தெரியும்? விண்கலங்கள் போவதற்கு முன்பே டெலஸ்கோப்பில் பார்த்து, பென்சிலால் வரைந்து, பக்கத்தில் நேரத்தையும் குறித்து வைத்தவர்களால்தான். அவர்களில் பலர் தொழில்முறை விஞ்ஞானிகள்கூட இல்லை. அதே வேலையை இன்றைக்கும் மொட்டை மாடியிலிருந்து செய்ய முடியும்.

சிவப்புப் புள்ளிக்கு என்ன ஆச்சு?

1665-ல் ஜியோவானி காசினி வியாழனில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்தார். 1713 வரை அது அவ்வப்போது பதிவானது. அதன் பிறகு 118 ஆண்டுகள் அப்படி ஒரு புள்ளி எந்தப் பதிவிலும் இல்லை. 1831-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹென்ரிச் ஷ்வாபே தன் வரைபடத்தில், வியாழனின் பட்டையில் குழிவு போன்ற ஒரு வளைவைக் காட்டினார். இன்றைய சிவப்புப் புள்ளி உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

இரண்டும் ஒரே புயலா? இந்தக் கேள்விக்கு 2024-ல் ஸ்பெயினின் பாஸ்க் பல்கலைக்கழகக் குழு ஒரு பதில் தந்தது. பழைய வரைபடங்களில் உள்ள அளவையும் நகர்வையும் ஒப்பிட்ட அந்தக் குழு, காசினி பார்த்தது வேறு புள்ளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது. 1879-ல் சிவப்புப் புள்ளியின் நீளம் சுமார் 39,000 கி.மீ. இப்போது சுமார் 14,000 கி.மீ. பூமியின் விட்டம் 12,742 கி.மீ. அதாவது மூன்று பூமிகளை வரிசையாக வைக்கும் அளவுக்கு இருந்த புயலில், இன்று ஒரு பூமிதான் உட்காரும்.

எந்த டெலஸ்கோப் வேணும்?

60 முதல் 70 மி.மீ. விட்டமுள்ள சிறிய டெலஸ்கோப்பிலேயே வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும், நடுவில் ஓடும் இரண்டு கரும்பட்டைகளும் தெரியும். சிவப்புப் புள்ளியைத் தெளிவாகப் பார்க்க 6 இன்ச் டெலஸ்கோப் இருந்தால் நல்லது. காற்று அசையாமல் இருக்கும் இரவில் 4 இன்ச்சிலும் தெரியும்.

உருப்பெருக்கத்தை ரொம்ப ஏற்ற வேண்டாம். வியாழன் பூமிக்கு அருகில் வரும்போது வெறும் 40 மடங்கிலேயே, வெறுங்கண்ணில் முழுநிலா தெரியும் அளவுக்குப் பெரிதாகத் தெரியும். வரைவதற்கு 100 முதல் 200 மடங்கு வரை போதும். அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், கூடவே கலங்கும்.

எப்போது பார்க்கலாம்?

சுமார் 13 மாதங்களுக்கு ஒருமுறை சூரியன், பூமி, வியாழன் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். அந்தச் சமயத்தில் வியாழன் இரவு முழுக்க வானில் இருக்கும். 2027 பிப்ரவரியிலும் 2028 மார்ச்சிலும் இந்த நிலை வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்கள் நன்றாகப் பார்க்கலாம்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சாதகம் உண்டு. 2027-ல் நள்ளிரவு நேரத்தில் வியாழன் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே நிற்கும். கோள் உயரத்தில் இருந்தால் அதன் ஒளி குறைவான காற்றைக் கடந்து வரும், கலங்கலும் குறையும்.

ஒரு எச்சரிக்கை: சூரியன் முழுவதும் மறைந்த பிறகே டெலஸ்கோப்பைத் திருப்புங்கள். சூரியனைத் தவறியும் அதன் வழியே பார்க்கக் கூடாது. பார்வையே போய்விடும்.

வரைய என்னென்ன தேவை?

எச்பி, 2பி பென்சில்கள், ரப்பர், தேய்த்து மங்கலாக்க ஒரு காட்டன் பட்ஸ், அட்டை, மங்கலான டார்ச், சரியான நேரம் காட்டும் வாட்ச். அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம் ஒன்று: வட்டம் போடாதீர்கள். வியாழன் வேகமாகச் சுழல்வதால் நடுவில் பிதுங்கி, துருவங்களில் தட்டையாக இருக்கிறது. 6 செ.மீ. அகலம், 5.6 செ.மீ. உயரம் உள்ள நீள்வட்டத்தைப் பகலிலேயே தயார் செய்து வையுங்கள். வெறும் வட்டத்தில் வரைந்தால் பட்டைகளின் இடம் எல்லாம் தப்பாகிவிடும்.

வரைவது எப்படி?

1. டெலஸ்கோப்பை அரை மணி நேரத்துக்கு முன்பே வெளியே வையுங்கள். வீட்டின் சூடு கண்ணாடியில் இருக்கும்வரை படம் ஆடிக்கொண்டே இருக்கும்.

2. முதல் 10 நிமிடம் பென்சிலைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். பழகப் பழகத்தான் கண்ணுக்கு நுணுக்கங்கள் பிடிபடும். காற்று ஒரு நொடி நின்றாலும் படம் பளிச்சென்று தெரியும். வரைய வேண்டியது அந்த நொடியில் தெரிவதைத்தான்.

3. திசையைக் கண்டுபிடியுங்கள். மோட்டார் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கோள் தானாக நகர்ந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ, அதுதான் மேற்கு. நியூட்டன் வகை டெலஸ்கோப்பில் படம் தலைகீழாகத் தெரியும் என்பதால், சிவப்புப் புள்ளி மேல் பாதியில் இருக்கும். பயப்பட வேண்டாம். படத்தில் எது தெற்கு என்று எழுதிவிட்டால் போதும்.

4. முதலில் இரண்டு பெரிய பட்டைகள், அடுத்து சிவப்புப் புள்ளி. இவற்றின் இடத்தை முடிந்தவரை சீக்கிரம் குறித்துவிடுங்கள். வியாழனின் ஒரு நாள் 10 மணி நேரத்துக்கும் குறைவு. 10 நிமிடத்தில் 6 டிகிரி திரும்பிவிடும். மெதுவாக வரைந்தால், படத்தின் ஒரு பக்கம் ஒரு நேரத்தையும் மறுபக்கம் இன்னொரு நேரத்தையும் காட்டும்.

5. இடங்களைக் குறித்ததும் நேரத்தை எழுதுங்கள். நிழல், அடர்த்தி போன்றவற்றைப் பிறகு நிதானமாகச் சேர்க்கலாம். மொத்தமாக 20 நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது.

6. தேதி, டெலஸ்கோப்பின் அளவு, உருப்பெருக்கம், காற்று எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். நேரத்தை உலக நேரத்தில் குறிப்பதே வழக்கம். இந்திய நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் உலக நேரம்.

வாட்ச் வைத்துப் புயலை அளப்பது எப்படி?

கோளின் வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்கு நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் புள்ளியின் முன் முனை அந்தக் கோட்டைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். பின் முனை கோட்டைக் கடக்கும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் புயலின் நீளம்.

சிவப்புப் புள்ளி இருக்கும் பகுதியில், வியாழனின் சுழற்சி ஒரு நிமிடத்துக்குச் சுமார் 700 கி.மீ. இன்றைய புள்ளி கோட்டைக் கடக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். 20-ஐ 700-ஆல் பெருக்கினால் 14,000 கி.மீ. 1879-ல் இதே புள்ளி கடக்க 55 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்!

கண்ணால் பார்க்கும்போது ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். ஒரே இரவின் அளவை வைத்து முடிவுக்கு வர முடியாது. பல இரவுகள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். புள்ளி நம் பக்கம் திரும்பும் நேரத்தைக் கணித்துச் சொல்லும் ஆப்கள் இருப்பதால், வீணாகக் காத்திருக்கத் தேவையில்லை.

இந்த முறையை வைத்துப் பெரிய வேலை செய்தவர் இங்கிலாந்தின் ஸ்டான்லி வில்லியம்ஸ். தொழில் வழக்கறிஞர். 6.5 இன்ச் டெலஸ்கோப்பில் புள்ளிகள் நடுக்கோட்டைக் கடக்கும் நேரங்களைக் குறித்து, வியாழனின் ஒவ்வொரு அட்சரேகையிலும் காற்றோட்டம் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதை 1896-ல் தொகுத்து வெளியிட்டார்.

பார்க்காததை வரைந்தால் என்ன ஆகும்?

அதற்கு செவ்வாய் கோள்தான் உதாரணம். 1877-ல் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகளை வரைந்தார். அவை அங்குள்ள உயிரினங்கள் வெட்டிய கால்வாய்கள் என்று அமெரிக்காவின் பெர்சிவல் லோவல் வாதிட்டார். 1965-ல் மரினர் 4 விண்கலம் எடுத்த படங்களில் கால்வாய் எதுவும் இல்லை. மங்கலான புள்ளிகளை மனம் கோடுகளாக இணைத்துக்கொண்டதுதான் காரணம்.

அதனால் இணையத்தில் பார்த்த படத்தை மனதில் வைத்து வரையக் கூடாது. தெரிந்தது இரண்டு பட்டைகள் மட்டும் என்றால், இரண்டு பட்டைகள் மட்டும்தான். சந்தேகமாக இருப்பதைப் புள்ளிக்கோட்டில் காட்டி, ‘உறுதியில்லை’ என்று எழுதலாம்.

கேமரா இருக்கும்போது பென்சில் எதற்கு?

நியாயமான கேள்விதான். இன்று டெலஸ்கோப்பில் சிறிய கேமராவைப் பொருத்தி எடுக்கும் படங்கள், எந்தப் பென்சில் படத்தையும் விடத் துல்லியமானவை. 2016-லிருந்து நாசாவின் ஜூனோ விண்கலமும் வியாழனைச் சுற்றி வந்து படம் எடுத்திருக்கிறது.

ஆனால் வரைபவருக்கு வியாழனின் வழக்கமான முகம் பழகிவிடும். அது மாறினால் உடனே தெரியும். 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்நட்சத்திரத்தின் துண்டுகள் மோதி ஏற்பட்ட கரும் தழும்புகள் சிறிய டெலஸ்கோப்களிலேயே தெரிந்தன. 2010-ல் தெற்குக் கரும்பட்டை மங்கி மறைந்து, அந்த ஆண்டின் இறுதியில் திரும்பத் தொடங்கியது. 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலிய அமெச்சூர் ஆந்தனி வெஸ்லி, தன் டெலஸ்கோப் கேமராவில் புதிதாக ஒரு கரும்புள்ளியைப் பார்த்துத் தகவல் சொன்னார். ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருப்பதை ஹவாயில் உள்ள நாசாவின் டெலஸ்கோப் உறுதி செய்தது.

பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் வியாழன் பிரிவும், 1947-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஆல்போ அமைப்பும் உலகம் முழுவதும் உள்ள அமெச்சூர்களின் பதிவுகளைச் சேகரிக்கின்றன. அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், ஒரே நோட்டில் தேதி வாரியாக வரைந்து வாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் புரட்டும்போது, பட்டைகள் தடிப்பதும் மெலிவதும், சிவப்புப் புள்ளியின் நிறம் கூடுவதும் குறைவதும் உங்கள் கையாலேயே பதிவாகியிருக்கும்.