சேற்று வயல் அறுவடை இயந்திரங்களின் பட்டை நீளம்

சேற்று வயல் அறுவடை இயந்திரங்களின் பட்டை நீளம் என்பது, ஈரம் மிகுந்த நெல் வயல்களில் இயங்கும் அறுவடை இயந்திரத்தைத் தாங்கி நகர்த்தும் ரப்பர்ப் பட்டை நிலத்தைத் தொடும் நீளத்தைக் குறிக்கும். இயந்திரம் சேற்றில் எவ்வளவு புதையும், எவ்வளவு இழுவிசையைப் பெறும், எவ்வளவு எளிதில் திரும்பும் என்பவற்றைத் தீர்மானிக்கும் அளவுகளுள் இது முதன்மையானது. காவிரிப் பாசனப் பகுதிகளில் இவ்வகை இயந்திரம் "செயின் வண்டி" என்றும் "பெல்ட் வண்டி" என்றும் அழைக்கப்படுகிறது. சக்கரங்களில் ஓடுவது "டயர் வண்டி" எனப்படும்.

நீளமான பட்டையே சிறந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. நீளம் கூடும்போது புதைவு குறைகிறது. ஆனால் திரும்பும்போது மண் கூடுதலாகப் பெயர்கிறது. சிறிய வயல்களில் இந்த இரண்டாவது விளைவு முதலாவதன் நன்மையை விழுங்கிவிடக்கூடும்.

பனியுந்துடன் ஒப்பீடு

மென்மையான பரப்பின்மீது பட்டையால் மிதந்து செல்லும் ஊர்திகளுள் உலகில் பரவலாக அறியப்பட்டது பனியுந்து ஆகும். கனடாவைச் சேர்ந்த யோசப்-அர்மான் பம்பார்டியர் 1937இல் பட்டையும் பற்சக்கரமும் கொண்ட இயக்க அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவரது நிறுவனம் 1959இல் ஸ்கீ-டூ என்ற சிறிய பனியுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் காசுமீரத்தின் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளும், சியாச்சின் பனியாற்றில் படைவீரர்களும் பனியுந்துகளைப் பயன்படுத்துகின்றனர்.

இறுகிய பனித் தடங்களில் ஓடும் பனியுந்துகளின் பட்டை பொதுவாக 120 முதல் 137 அங்குலம் வரை இருக்கும். மலைச்சரிவுகளில் ஆழமாகக் கிடக்கும் தூள்பனிக்கு 146 முதல் 175 அங்குலம் வரையிலான பட்டைகள் தெரிவு செய்யப்படுகின்றன. இந்த எண்கள் பட்டையின் முழுச் சுற்றளவைக் குறிக்கின்றன. பனியைத் தொடும் நீளம் அதில் ஒரு பகுதியே. புதிதாக இதைப் படிப்போர் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுவாகும்.

தூள்பனிக்கும் நெல் வயலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஆழ்ந்த தூள்பனிக்கு ஊர்தி எட்டிப்பிடிக்கக் கூடிய தளம் இல்லை. ஆகவே பனியுந்து மிதந்தே தீர வேண்டும். நெல் வயலில் சேற்றுழவு ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் நடைபெறுவதால் சேற்றுக்கு அடியில், பெரும்பாலும் 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில், இறுகிய அடிமண் படலம் உருவாகிறது. அறுவடை இயந்திரம் மேற்சேற்றில் ஓரளவு புதைந்து இந்தப் படலத்தின்மீது ஊன்றி நகர முடியும். இப்படலம் உடைந்துபோன இடம் "உளை" எனப்படும். உளையில் மாட்டிய இயந்திரத்தின் நிலை தூள்பனியில் மாட்டிய பனியுந்தின் நிலையைப் போன்றதே.

பட்டையை அளத்தல்

ரப்பர்ப் பட்டையின் உட்புறத்தில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 450×90×50 என்பது 450 மி.மீ. அகலமும், கண்ணிகளுக்கு இடையே 90 மி.மீ. இடைவெளியும், 50 கண்ணிகளும் கொண்ட பட்டையைக் குறிக்கும். கண்ணி இடைவெளியைக் கண்ணிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் சுற்றளவு 4,500 மி.மீ. எனக் கிடைக்கும். இதில் நிலத்தைத் தொடுவது, முதல் தாங்கு உருளைக்கும் கடைசித் தாங்கு உருளைக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே. எனவே இயந்திரத்தை வாங்குவோரும் வாடகைக்கு அமர்த்துவோரும் கேட்டறிய வேண்டியது பட்டையின் எண்ணை அன்று. தரைதொடு நீளத்தையும் உருளைகளின் எண்ணிக்கையையும் ஆகும்.

உருளைகளின் எண்ணிக்கை ஏன் முக்கியமானது என்பதை விளக்க வேண்டும். பட்டை விறைப்பான தகடு அன்று. ஒவ்வோர் உருளையின் கீழும் அழுத்தம் உச்சத்தை அடைந்து, இரு உருளைகளுக்கு இடையில் குறைகிறது. நீளம் கூடியும் உருளை கூடவில்லை எனில், உருளைகளுக்கு நடுவே பட்டை தொய்ந்து சுமையைத் தாங்காமல் இருந்துவிடும். தாளில் கணக்கிட்ட சராசரி அழுத்தம் குறைந்திருக்கும். வயலில் புதைவு குறைந்திருக்காது.

அழுத்தமும் பிடிப்பும்

தரையழுத்தம் என்பது எடையைத் தொடு பரப்பால் வகுத்துக் கிடைப்பதாகும். விளக்கத்திற்காக 3,200 கி.கி. எடையும், 45 செ.மீ. அகலமும் 160 செ.மீ. தரைதொடு நீளமும் கொண்ட இரு பட்டைகளும் உடைய ஓர் இயந்திரத்தைக் கொள்ளலாம். தொடு பரப்பு 14,400 சதுர செ.மீ.; அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 0.22 கி.கி. நெற்தொட்டியில் 600 கி.கி. நெல் சேர்ந்ததும் அது 0.26 ஆக உயரும். இதே இயந்திரத்தின் பட்டையை 180 செ.மீ. ஆக நீட்டி, அதனால் எடையும் 100 கி.கி. கூடுவதாகக் கொண்டால், வெற்றுத் தொட்டியுடன் 0.20, நிறைதொட்டியுடன் 0.24 ஆகும். அதாவது 20 செ.மீ. நீட்டிப்பால் கிடைக்கும் குறைவும், தொட்டியை அரைப்பங்கு நிரம்பியதுமே காலி செய்வதால் கிடைக்கும் குறைவும் ஏறக்குறைய ஒன்றே. பின்னதற்குச் செலவு இல்லை. நேரம் மட்டுமே ஆகும்.

60 கி.கி. எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, ஒரு காலில் ஊன்றும் கணத்தில் அவரது பாதத்தின் அழுத்தம் 0.3 கி.கி.யைத் தாண்டும். ஆளின் கால் புதையும் வயலில் மூன்று டன் இயந்திரம் புதையாமல் செல்வதன் காரணம் இதுவே.

இழுவிசையைப் பொறுத்தவரை, மண் வெட்டுண்டு நழுவாமல் தாங்கும் திறனுக்குப் பிரெஞ்சு அறிவியலாளர் கூலும் 18ஆம் நூற்றாண்டில் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. அத்திறன் இரு கூறுகளால் ஆனது: ஒன்று மண்ணின் ஒட்டுத்தன்மை, மற்றொன்று உராய்வு. உராய்வுக் கூறு எடையோடு கூடும். ஒட்டுக் கூறு பரப்போடு கூடும். மணலில் உராய்வே மேலோங்கும். ஆகவே அங்குப் பட்டையை நீட்டுவதால் பிடிப்பு அதிகம் கூடுவதில்லை. நீரூறிய களிமண்ணில் உராய்வு மிகக் குறைவு. பிடிப்பு ஏறத்தாழ முழுவதும் பரப்பிலிருந்தே கிடைக்கிறது. ஒட்டுத்திறன் சதுர செ.மீ.க்கு 0.05 கி.கி. எனக் கொண்டால், மேற்கூறிய 160 செ.மீ. பட்டைகள் 720 கி.கி. பிடிப்பையும் 180 செ.மீ. பட்டைகள் 810 கி.கி. பிடிப்பையும் தரும். கனத்த களிமண் நிலத்தில் நீளப் பட்டைக்கு உள்ள மதிப்பு இதனால் வருவதாகும்.

பரப்பைக் கூட்டுவதற்குப் பட்டையை அகலமாக்கலாமே என்ற கேள்வி எழும். போலந்தில் பிறந்து வட அமெரிக்காவில் பணியாற்றிய பொறியாளர் எம். ஜி. பெக்கர் 1956இல் வெளியிட்ட நிலவழி ஊர்தியியல் நூலில் இதற்கு விடை உள்ளது. ஒரே பரப்புள்ள இரு பட்டைகளுள் ஒடுங்கி நீண்டது குறுகிய தடத்தையே அழுத்துகிறது. எனவே மண்ணை அமுக்குவதில் வீணாகும் ஆற்றல் குறைவு. அகன்று குட்டையானது தன் முழு அகலத்திற்கும் சேற்றைத் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும்.

திரும்புதல்

நீளத்திற்கான விலை இங்குதான் செலுத்தப்படுகிறது. பட்டை இயந்திரம் சக்கர வண்டியைப் போல் முன்சக்கரத்தைத் திருப்பி வளைவதில்லை. ஒரு பக்கப் பட்டையின் வேகத்தைக் குறைத்தோ நிறுத்தியோ திரும்புகிறது. அப்போது பட்டையின் முன்நுனியும் பின்நுனியும் பக்கவாட்டில் மண்ணைத் தேய்த்து ஒதுக்குகின்றன. பட்டை நீளமாக நீளமாக இந்த எதிர்ப்பும் கூடும். இதனை ஈடுகட்டுவது இரு பட்டைகளுக்கு இடைப்பட்ட தூரமாகும். தரைதொடு நீளத்தைப் பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் பட்டை ஊர்திகளில் பொதுவாக 1க்கும் 1.7க்கும் இடையில் அமைக்கப்படுகிறது. அதற்கு மேல் சென்றால் ஊர்தி நேராகச் செல்ல விரும்பும், திரும்ப மறுக்கும்.

நடுக்கோட்டுத் தூரம் 115 செ.மீ. எனில், 160 செ.மீ. பட்டைக்கு விகிதம் 1.39, 180 செ.மீ.க்கு 1.57, 200 செ.மீ.க்கு 1.74. மூன்றாவது அளவு நீண்ட பெருவயலுக்குப் பொருந்தலாம். வரப்புக்கு வரப்பு இருபது முப்பது மீட்டரே உள்ள வயலில் இயந்திரம் ஓடும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் பெரிதாகத் தோன்றும். ஒரே இடத்தில் நின்று சுழன்று திரும்பினால் பட்டை சேற்றைக் குடைந்து அடிப்படலத்தைக் கிழிக்கிறது. அவ்விடம் அடுத்த பருவத்தில் உளையாகிறது. வயலின் நடுவே புதையாத இயந்திரம் மூலையில் புதைவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

வயல்மூலைகளைக் கைஅரிவாளால் முன்னரே அறுத்து இடம் விடுவது இதற்குப் பழைய தீர்வு. கூலியாள் கிடைக்காத காரணத்தாலேயே இயந்திரம் அமர்த்தப்படுவதால், இது எளிதாகக் கைவிடப்படுகிறது.

திருச்சிராப்பள்ளிப் பகுதி

காவிரியிலிருந்து பேட்டைவாய்த்தலையில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சிராப்பள்ளி நகரின் புத்தூர் வழியாகச் சென்று வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. புத்தூர் இன்று நகரப் பகுதியாகிவிட்டது. அங்கிருந்து வயலூர்ச் சாலையில் உய்யக்கொண்டான் திருமலை, சோமரசம்பேட்டை, வயலூர் எனச் செல்லும்போது வாய்க்கால் பாசன நெல் வயல்களைக் காணலாம். மனைப் பிரிவுகள் பெருகியதால் பல வயல்கள் கட்டடங்களுக்கு இடையில் சிக்கியுள்ளன. இத்தகைய இடங்களில் இயந்திரத்தின் நீளம் வயலுக்குள் நுழையும் வழியாலேயே வரையறுக்கப்படுகிறது.

ஒரே மாவட்டத்திற்குள் மண் பெரிதும் மாறுபடுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவின் ஆற்றங்கரைப் படுகை மண் மணற்பாங்கானது. நீர் விரைவில் வடியும். அங்கு நடுத்தரப் பட்டையே போதும். வாழை பெரிதும் பயிரிடப்படும் பகுதியாதலால் நெல்லின் பங்கும் குறைவு. மணிகண்டம் ஒன்றியத்தில் நாவலூர் குட்டப்பட்டைச் சூழ்ந்த களர் நிலங்களில், சோடியம் மிகுதியால் மண்துகள்கள் நீரில் பிரிந்து குழம்பாகின்றன. நீர் வடிவதும் தாமதமாகிறது. மேற்பரப்பு காய்ந்ததுபோல் தோன்றினாலும் அடியில் வலு இருப்பதில்லை. கிழக்கே தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் காணப்படும் களத்தூர் மண்வகை கனத்த களிமண்ணாகும். பட்டையின் நீளம் முழுப் பயனைத் தருவது அங்கேதான்.

பருவமும் மழையும்

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி வருகிறது. சம்பாவும் தாளடியும் சனவரி முதல் மார்ச் வரை, பெரும்பாலும் வறண்ட நாட்களில், அறுவடையாகின்றன. ஆயினும் 2021 சனவரியிலும் 2023 பெப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தவறிப் பெய்த மழையால் காவிரிப் படுகையில் முற்றிய சம்பாப் பயிர் நீரில் சாய்ந்தது. இத்தகைய நாட்களில் டயர் வண்டிகள் வயலில் இறங்க இயலாமல் நிற்க, பட்டை வண்டிகளுக்கான தேவை திடீரெனக் கூடுகிறது. சாய்ந்த கதிர் சில நாட்களில் முளைவிடத் தொடங்கும். நெல் கொள்முதலில் பொதுவாக ஏற்கப்படும் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. ஒவ்வொரு நாள் தாமதமும் உழவரை அந்த வரம்பிலிருந்து விலக்கக்கூடும்.

வாடகை மணிக்கணக்கில் பெறப்படுகிறது. புதைந்த இயந்திரத்தை மீட்க இன்னொரு இயந்திரம் வர வேண்டியிருக்கும். ஆகவே ஓட்டுநர்கள் இறங்குமுன் வரப்போரமாக நடந்து குதிகாலால் அழுத்திப் பார்ப்பது வழக்கம். அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்பே நீரை வடித்துவிடுவது எந்தப் பட்டை நீட்டிப்பையும்விட மலிவானது. மழை அதற்கு இடம் கொடுத்தால்.

தரிசுப் பயறு

காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்னர், நிற்கும் நெற்பயிரின் ஊடே உளுந்து அல்லது பாசிப்பயறு விதைக்கும் வழக்கம் உண்டு. எஞ்சிய ஈரத்திலேயே அது முளைத்து விளையும். கைஅறுவடைக் காலத்தில் உருவான இம்முறைக்கு இயந்திரம் பெரும் இடையூறாக அமைந்தது. பட்டை ஏறிய தடங்களில் முளை நசுங்குகிறது. தடப்பள்ளத்தில் நீர் தேங்கி விதை அழுகுகிறது. இயந்திரம் கொட்டும் வைக்கோல் வரிசை முளையை மூடுகிறது. நீளப் பட்டையின் தடம் ஆழமற்றது. அந்த அளவில் அது பயறுக்கு நல்லது. ஆனால் திருப்பங்களில் முளை வேரோடு பெயர்க்கப்படுகிறது. பயறு விதைத்த சிறு வயலுக்கு, குறைந்த எடையும் நடுத்தர நீளமும் கொண்ட இயந்திரமே பெரும்பாலும் பொருத்தமானது. அறுவடைக்குப் பின் பயறு விதைப்பதற்கு மாறியவர்களும் உள்ளனர். அதற்குள் மண்ணின் ஈரம் குறைந்துவிடுவது அம்முறையின் குறையாகும்.

நீட்டித்தலும் பராமரிப்பும்

பட்டை மட்டும் தனியே நீட்டக்கூடியதன்று. பின்உருளையைப் பின்தள்ளி, சட்டத்தை நீட்டி, தாங்கு உருளைகளைக் கூட்டிய பின்னரே கண்ணிகள் மிகுந்த பட்டை பொருந்தும். தொட்டி நிரம்பும்போது எடை பின்னோக்கிச் சாயும் அமைப்பு இயந்திரத்தில் இருந்தால், முன்பகுதி தூக்கி, பட்டையின் பின்பாதி மட்டுமே சுமையைத் தாங்கும். அந்நிலையில் முன்புறம் நீட்டுவதால் பயனில்லை. பற்கள் தேய்ந்த நீளப் பட்டை, புதிய குட்டைப் பட்டையைவிடக் குறைவாகவே பிடிக்கும். தேய்ந்த பற்களுக்கு இடையே களிமண் நிரம்பிப் பட்டை வழுவழுப்பான தகடாகிவிடும்.

தார்ச்சாலையில் ரப்பர்ப் பட்டை விரைவில் தேய்வதால் இயந்திரங்கள் சரக்குந்துகளில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. தமிழ்நாட்டு இயந்திரங்கள் கேரளத்தின் பாலக்காடு, குட்டநாடு பகுதிகளுக்கும் அறுவடைக்குச் செல்வதுண்டு. கடல்மட்டத்திற்குக் கீழுள்ள குட்டநாட்டின் பாடசேகரங்கள் சிலவற்றுக்கு அவை மிதவைப் படகுகளில் கொண்டு சேர்க்கப்படுகின்றன.