மீன் தொட்டிக்கு ராசி உண்டா?

வண்ண மீன் வளர்க்க ஆசைப்படாத பிள்ளைகள் குறைவு. பிறந்தநாளுக்கோ பள்ளி விடுமுறைக்கோ வீட்டுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்து சேர்கிறது. மணல், கல், பில்டர், விளக்கு, பத்துப் பதினைந்து மீன்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி விடுகிறார்கள். முதல் வாரம் வீடே தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது வாரம் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மூன்றாவது வாரம் தொட்டி காலியாகிவிடும். "நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்ல, தொட்டி மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிவிடும்.

இது ராசியின் குற்றமா? இல்லை. இந்தச் சாவுக்குத் தெளிவான காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அறிவியல் கண்டறிந்த வரலாறு சுவையானது. அதில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் பங்கு இருக்கிறது என்பது இன்னும் சுவையானது.

சீனத்துத் தங்கமீன்

அழகுக்காக மீன் வளர்ப்பதில் உலகத்துக்கு வழிகாட்டியவர்கள் சீனர்கள். சோங் அரச மரபின் காலத்தில் (960-1279) தங்கமீன்கள் குளங்களில் பேணி வளர்க்கப்பட்டன. மிங் மரபின் காலத்தில் (1368-1644) அவை பீங்கான் தாழிகளுக்கு இடம் மாறி, வீட்டுக்குள்ளும் வந்தன. பதினேழாம் நூற்றாண்டில் தங்கமீன் ஐரோப்பாவுக்குப் போயிற்று. சிறு பாத்திரத்தில் மீன் உயிரோடு இருக்க வேண்டுமானால் நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். நீரை மாற்றாமலே மீனை வாழவைக்க முடியுமா என்பதுதான் பிறகு எழுந்த கேள்வி.

தந்தையின் தொட்டி

லண்டன் மருந்தாளர் சங்கத்தின் கூடத்தில் வேதியியல் வல்லுநராகப் பணியாற்றியவர் ராபர்ட் வாரிங்டன். பச்சைச் செடி வெளிச்சத்தில் உயிர்க்காற்றை வெளிவிடுகிறது என்பதை இங்கன்ஹவுஸ் என்ற அறிஞர் 1779ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். மீன் வெளிவிடும் கரிக்காற்றைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி வெளிவிடும் உயிர்க்காற்றை மீன் எடுத்துக்கொள்ளும், அப்படியானால் இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் என்ன என்று வாரிங்டன் எண்ணினார்.

1849ஆம் ஆண்டு அவர் ஒரு கண்ணாடித் தொட்டியின் அடியில் மணலும் சேறும் கற்களும் பரப்பினார். வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். சில நாளில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. உடனே சில குளத்து நத்தைகளைச் சேர்த்தார். நத்தைகள் அழுகலைத் தின்றன, நத்தையின் முட்டைகள் மீன்களுக்கு இரையாயின, நீர் மீண்டும் தெளிந்தது. இந்தச் சோதனையை 1850ஆம் ஆண்டு வேதியியல் சங்கத்தின் இதழில் அவர் வெளியிட்டார். தொட்டி என்பது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஒரு சிறு உலகம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது.

பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845ஆம் ஆண்டே நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடியின் விலையும் இறங்கியிருந்தது. 1853ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் பார்ப்பதற்கென்று மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் 'அக்வேரியம்' என்ற நூலை வெளியிட்டார். நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறையில் தொட்டி வைப்பது ஒரு மோகமாயிற்று.

ஆனால் அந்த மோகம் 1860களில் தணிந்துவிட்டது. செடி இருந்தது, நத்தை இருந்தது, மீனும் இருந்தது. ஆயினும் பல வீடுகளில் நீர் கலங்கி நாறியது, மீன் செத்தது. வாரிங்டனின் கணக்கில் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது.

வெப்ப நாட்டு மீன்கள்

1869ஆம் ஆண்டு சீனத்திலிருந்து பாரிஸ் நகரத்துக்கு 'பாரடைஸ்' என்னும் மீன் வந்தது. கார்போனியே என்பவர் அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்தார். வெதுவெதுப்பான நாடுகளின் மீன்களை ஐரோப்பியர் வீட்டில் வளர்க்கும் பழக்கத்துக்கு அது ஒரு தொடக்கம். அந்த மீன் நீண்ட கடற்பயணத்தைத் தாங்கியதற்குக் காரணம், அதன் தலையில் உள்ள தனி உறுப்பால் நீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்க முடிந்ததுதான். நம் கடைகளில் சிறு புட்டியில் அடைத்து விற்கப்படும் சண்டை மீனும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அது புட்டியில் பிழைத்திருப்பதைப் பார்த்து, மற்ற மீன்களும் அப்படியே பிழைக்கும் என்று நினைப்பவர்கள் இன்றும் ஏமாறுகிறார்கள்.

மகனின் மண்

விடுபட்ட அந்த ஒன்றுக்கான விடை தொட்டியிலிருந்து கிடைக்கவில்லை. மண்ணிலிருந்து கிடைத்தது.

1877ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு அறிஞர்கள் ஷ்லேசிங், முன்ட்ஸ் இருவரும் சாக்கடை நீரை மணல் நிரப்பிய குழாய் வழியே மெல்லக் கசியவிட்டார்கள். முதல் இருபது நாள் நீரிலிருந்த அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன் பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோயிற்று. எனவே மணலில் ஏதோ உயிர் இந்த வேலையைச் செய்கிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

அந்த ஆய்வைத் தொடர்ந்து முன்னெடுத்தவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ராபர்ட் வாரிங்டன். ஆம், அதே பெயர். தங்கமீன் வளர்த்த வாரிங்டனின் மகன் இவர். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் இரு கட்டங்களில் மாறுவதையும், ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி உயிர் செய்வதையும் அவர் ஆராய்ந்தார். அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்த பெருமை 1890ஆம் ஆண்டு ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கியைச் சேர்ந்தது.

தந்தை 1867ஆம் ஆண்டே மறைந்துவிட்டார். தம் தொட்டியின் சேற்றிலும் கல்லிலும் செடியின் மேலும் குடியிருக்கக்கூடிய இந்த உயிர்களைப் பற்றி அவர் அறிந்திருக்க வழியில்லை. செடிக்கும் நத்தைக்கும் அவர் கொடுத்த பாராட்டில் ஒரு பங்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத தொழிலாளர்களுக்கும் உரியது.

வீட்டுத் தொட்டிக்கு வந்த பாடம்

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் கழிவும் அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு நஞ்சு. அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் நஞ்சுதான், அது இரத்தத்தில் கலந்து உயிர்க்காற்றைச் சுமக்கவிடாமல் தடுக்கிறது. நீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான். மூன்றாவதான நைட்ரேட் அந்த அளவுக்குத் தீங்கானதன்று.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவை பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பிரெஞ்சு அறிஞர்களின் மணற்குழாய் இருபது நாள் காத்திருந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையின் தொட்டி காலியாவதும் அந்த நாள்களில்தான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொட்டிக்கு வெப்பமூட்டி தேவையில்லை. ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் தொட்டிக்கு அடியில் விளக்கேற்றி நீரைச் சூடாக்கினார்கள், நமக்கு இயற்கையே அதைச் செய்து தருகிறது. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்க்காற்று கரையும், 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். வெப்பம் ஏறினால் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். ஆகவே நம் ஊரில் தொட்டியை மீன்களால் நிரப்பிவிடுவது மேலும் ஆபத்தானது.

செய்ய வேண்டியவை மிகச் சில. தொட்டியை நிறுவியதும் கப்பி போன்ற தாக்குப்பிடிக்கும் மீன்கள் இரண்டு மூன்றை மட்டும் விட வேண்டும். தீனியைச் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும். கடைகளில் கிடைக்கும் சோதனை மருந்தால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பார்த்து, இரண்டும் இல்லாமற்போன பிறகே அடுத்த மீன்களை வாங்க வேண்டும். அதுவரை அளவு ஏறும்போதெல்லாம் நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். அதன் பிறகு வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் உள்ள குளோரமின், ஒரு நாள் வாளியில் வைத்திருந்தாலும் போய்விடாது. அதற்குரிய மருந்தைக் கலந்தே ஊற்ற வேண்டும். பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுவது பெருந்தவறு, பாடுபட்டுச் சேர்ந்த பாக்டீரியாக்களை அது அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசினால் போதும்.

இந்தத் தொட்டிகள் அறிவியலுக்குக் கைம்மாறும் செய்திருக்கின்றன. நைட்ரைட்டை மாற்றுவது இன்னதென்று பல்லாண்டுகளாக நம்பப்பட்ட பாக்டீரியா அன்று, நைட்ரோஸ்பைரா என்ற வேறோர் இனமே என்பது 1998ஆம் ஆண்டு நன்னீர் மீன் தொட்டிகளில் செய்த ஆய்வில் தெரிந்தது. 2005ஆம் ஆண்டு சியாட்டில் நகரக் காட்சித் தொட்டி ஒன்றிலிருந்து, அம்மோனியாவை மாற்றும் முற்றிலும் வேறு வகை நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பட்டது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி உறவினர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவர்கள் பில்டரிலிருந்து ஒரு துண்டுப் பழைய பஞ்சைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் வைக்கலாம். காத்திருக்கும் நாள்கள் பாதியாகக் குறையக்கூடும். மீன் வளர்ப்பில் ராசி என்று ஒன்று உண்டென்றால் அது அந்த அழுக்குப் பஞ்சில்தான் இருக்கிறது. அதைக் கடன் வாங்கலாம், பெருக்கலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.