துறைமுகமும் ஒட்டேடும்



திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு என்றதும் கோட்டைகளும் பீரங்கிகளும் போர்க்கப்பல்களுமே நம் நினைவுக்கு வரும். இன்று அவற்றை விடுத்து, வீட்டு அலுமாரியில் கிடக்கும் ஓர் எளிய பொருளைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். படங்களையும் கடிதங்களையும் பத்திரிகை நறுக்குகளையும் ஒட்டிவைக்கும் ஏடே அது. ஒட்டேடு என அதனை அழைப்போம்.

இதன் கதையை நமது கொட்டியாரக் குடாவிலிருந்தே தொடங்கலாம். 1659ஆம் ஆண்டின் இறுதியில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காக இக்குடாவை நாடி வந்தது. 1660இல் அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் இது நிகழ்ந்ததென்பது மரபு. மறு ஆண்டில் தந்தை இறந்தார். மகனோ 1679இல் அரிப்பு வழியாகத் தப்பி, 1681இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டார். நூல் அச்சேறியதோடு அவர் அமைதியடையவில்லை. அச்சுப் பிரதியின் இடையிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்து, நினைவுக்கு வந்தவற்றையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார். அக்குறிப்புகள் 1911இல்தான் அச்சில் வெளிவந்தன. வாழ்வை ஏட்டிற் சேர்த்துவைக்கும் வேட்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

மேனாட்டில் இவ்வேட்கை பின்னர் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்தது. 1769இல் ஜேம்ஸ் கிறேஞ்சர் இங்கிலாந்துப் பெருமக்களின் வரலாற்றை வெளியிட்டபோது, வாசகர்கள் உருவப்படங்களைத் தேடி வாங்கி அந்நூலிற் சேர்க்கத் தலைப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் அச்சான வண்ணப் படத்துண்டுகள் தாள் தாளாக விற்பனையாயின. 1873இல் எழுத்தாளர் மார்க் டுவெய்ன், நீர் தடவினால் ஒட்டிக்கொள்ளும் பசைக் கோடுகளிட்ட ஏட்டிற்குக் காப்புரிமை பெற்றார். நண்பர்களுக்குப் புகைப்படத் தொகுதிகளை அமைத்துப் பரிசளித்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார்.

துறைமுகத்தின் வாழ்வோ இவ்வழக்கத்திற்கு மிகவும் ஏற்றது. கரையில் சில நாளே தங்கும் மாலுமிக்கு, தான் கண்ட ஊரைக் கையோடு கொண்டுபோகப் படம் வேண்டும், அஞ்சலட்டை வேண்டும், அஞ்சற்றலை வேண்டும். 1930களின் நடுப்பகுதியில் வெளியான இலங்கையின் ஒரு ரூபாய் அஞ்சற்றலையில் திருகோணமலைக் காட்சியே இடம்பெற்றது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகளை நூல்கள் சொல்லும். ஆனால், அந்நாளில் துறைமுகத்திற் பணியாற்றிய ஒருவர் எவ்வாறு உடுத்தார், அவர் வீட்டு முற்றம் எவ்வாறிருந்தது என்பதை ஒரு குடும்பத்தின் ஏடன்றி வேறெது சொல்லும்?

நம் காலத்தில் இக்கலை பெருவணிகமாகி விட்டது. 1980இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் நடந்த உலகப் பதிவேடுகள் மாநாட்டில் மேரியெலன் கிறிஸ்டென்சன் என்னும் அம்மையார் தம் குடும்ப ஏடுகளைக் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டே அவரும் கணவரும் இதற்கெனக் கடை திறந்தனர். நாளடைவில் இதற்கென்றே பெருஞ் சந்தைகள் கூடின. பூ விளிம்பு வெட்டும் கத்தரிக்கோல், ஒட்டுப்படம், துளைப்பான், வண்ணத்தாள் என்று ஆண்டுக்கொரு நாகரிகம் தோன்றி மறைகின்றது. அச்சந்தைகளிலிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு: அமிலம் நீங்கிய தாளும் தீங்கற்ற பசையும் வேண்டும் என்பதே அது. பசை தடவிய தடித்த தாளின்மேல் பிளாஸ்டிக் உறையிட்ட பழைய அல்பங்கள் நம் வீடுகளில் ஏராளம். அவற்றின் பசை மஞ்சளித்துப் படத்தை அரிக்கின்றது. உப்புக்காற்றும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதை முடித்துவிடும். ஓலைச்சுவடி பழுதாகுமுன் புதிதாகப் படியெடுத்த நம் முன்னோர்க்கு இவ்வுண்மை தெரிந்திருந்தது.

நொக்ஸின் பெயரோடு நின்ற புளியமரம் 1964ஆம் ஆண்டுச் சூறாவளியில் வீழ்ந்தது. 1983இன் பின்னர் நீண்ட போரிலும், 2004 டிசம்பர் 26இல் கடல்கோளிலும் இம்மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் அழிந்தன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் உடுத்த உடையோடு ஓடினர். உறுதிப்பத்திரத்தை மறுபடியும் எழுதிப் பெறலாம். தாயின் ஒரே படம் போனால் போனதுதான்.

ஆதலின், நேயர்களே, விலையுயர்ந்த தாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றே பழைய படங்களை எடுத்து, வீட்டிலுள்ள முதியவரின் அருகே அமருங்கள். படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டுப் பென்சிலால் மெல்லப் பின்புறத்தில் எழுதுங்கள். ஒரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். பெயரறியாத படம் அழகாக இருக்கலாம். ஆனால் அது யாருடைய வரலாறும் ஆகாது. பெயர் சொல்லக்கூடியவர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைச் செய்துவிடுவோமாக.