தபாலில் வந்த வாத்துக் குஞ்சுகள்

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்குத் தபால் ஆபீசிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை வாங்கிய வாத்துக் குஞ்சுகள் வந்துவிட்டன, உடனே எடுத்துப் போகவேண்டுமாம். நானும் கூடப் போனேன். பக்கமெல்லாம் வட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டி. கவுண்டருக்கு அப்பாலிருந்தே கீச்சுக் கீச்சென்று சத்தம்.

என் கண் போனது பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில். குஞ்சு பொரித்த தேதி மட்டுமல்ல, மணியும் எழுதியிருந்தது. அது அங்கே சட்டமாம். நேரடியாகத் தெரிந்தவர்தான் அதை எழுதவேண்டும். பொரித்த 24 மணி நேரத்துக்குள் தபாலில் சேர்க்கவேண்டும். 72 மணி நேரத்துக்குள் உரியவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். எத்தனையோ கோப்புகளில் தேதியைப் பின்னால் போட்டு எழுதச் சொன்ன மேலதிகாரிகளைப் பார்த்தவன் நான். இந்த விதியை எழுதிய குமாஸ்தா யாரோ, மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

72 மணி நேரம் எங்கிருந்து வந்தது? ஓட்டை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன், முட்டையில் மிஞ்சிய மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்து இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும். ஒரே அடையில் முதலில் பொரித்த குஞ்சு, கடைசிக் குஞ்சு வரும்வரை தாயின் சிறகுக்குள் காத்திருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அதன்மேல் மனிதன் தபால் தலை ஒட்டிவிட்டான்!

ஆனால் அதற்கு முன் தாயில்லாமல் பொரிக்கத் தெரியவேண்டுமே. எகிப்தியர் பழங்காலத்திலேயே அடுப்பு போன்ற அறைகளில் முட்டை பொரித்தார்கள். அதைப் பார்த்து 1749-இல் புத்தகமே எழுதியவர் பிரெஞ்சு விஞ்ஞானி ரெயோமூர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அவர் வெப்பமானிக்காரர். நீர் உறைவது 0, கொதிப்பது 80 என்று அவர் அளவு. வாத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டென்று எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 1892-இலேயே ஒருநாள் கோழிக் குஞ்சுகளை ரயிலில் அனுப்பினார்கள். 1913-இல் பார்சல் தபால் வந்தது. 1918-இல் கோழிக் குஞ்சுகளை ஏற்றுக்கொண்டார்கள். இன்றைய விதியில் வாத்தும் உண்டு. எங்கள் பெட்டியில் வந்தவை பீக்கிங் வாத்துகள். 1873-இல் சீனாவிலிருந்து கப்பலில் வந்த மூதாதையரில் ஒரு சிலவே உயிரோடு கரை சேர்ந்தனவாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றின் அலகையும் மகள் வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டுக் காட்டினாள். அப்புறந்தான் தீனி. விளக்கடியில் முதல் வாரம் 32 டிகிரி சூடு, பிறகு வாரம் மூன்று டிகிரி குறைவு. குளிர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியும், சூடு மிஞ்சினால் விலகி ஓடி மூச்சிரைக்கும், வெப்பமானியே வேண்டாம். கோழியைவிட வாத்துக்கு நையாசின் என்ற வைட்டமின் அதிகம் வேண்டுமென்று தீனியில் ஈஸ்ட் பொடி கலந்தார்கள். நீந்தவும் விடவில்லை. இறகில் எண்ணெய் தடவிவிடத் தாய் இல்லை, நனைந்தால் விறைத்துவிடும்.

நானும் உதவுகிறேன் என்று, யாரும் பார்க்காதபோது மரச்சீவலை அள்ளிவிட்டுப் பழைய செய்தித்தாளை விரித்தேன். சுத்தமாக இருக்கட்டுமே என்று. வழுவழுப்புத் தாளில் கால் ஊன்றமுடியாமல் மறுநாள் ஒரு குஞ்சுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துவிட்டன. நிற்கவே முடியவில்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. காயத்துக்குச் சுற்றும் பட்டையைக் கத்தரித்து, இரண்டு காலையும் தளர்வாக இணைத்துக் கட்டினாள். தண்ணீர்க் கிண்ணத்துக்கு அதைத் தூக்கிப் போகும் வேலை எனக்கு. இரவில் எழுந்தும் பார்த்தேன்.

நான்காம் நாள் கட்டை அவிழ்த்தோம். இரண்டடி வைத்தது, விழுந்தது, எழுந்து மற்றவற்றின் பின்னால் ஓடியது. மாப்பிள்ளை அன்றிலிருந்து செய்தித்தாளை என் கண்ணில் காட்டுவதில்லை.