வேலியோரச் செடிகளும் நம் வரலாறும்

தரைவீடு ஒன்றை வாங்கிக் குடியேறியவுடன் எழும் கேள்விகளுள் ஒன்று, முன்வேலி ஓரமாக என்ன செடி நடலாம் என்பது. இடுப்பளவு உயரத்தைத் தாண்டக் கூடாது, பூக்க வேண்டும், வெயிலைத் தாங்க வேண்டும், பூசைக்கோ சமையலுக்கோ பயன்பட்டால் இன்னும் நல்லது. இதனைத் தோட்டக்கலை சார்ந்த கேள்வியாக மட்டுமே நாம் கருதிவிடுகிறோம். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலியோரம் நிற்கும் செடிகளை உற்று நோக்கினால், யார் யாரை எதற்காக வேலிக்குள் வைத்தார்கள் என்ற கதையும், அவ்வேலியைச் சாமானிய மக்கள் எவ்வாறு தமதாக்கிக் கொண்டார்கள் என்ற கதையும் தெரியவரும்.

சாலாக் செலாத்தான் என்னும் பெயரிலிருந்தே தொடங்கலாம். மலாய் மொழியில் 'செலாத்தான்' என்றால் தெற்கு. பேராக் மாநிலத்தில் வடக்குச் சாலாக்கும் உண்டு. 'சாலாக்' என்பது பாம்புத்தோல் போன்ற மேலோடு கொண்ட பழத்தைத் தரும் குட்டையான பனைவகை. அதன் மட்டை முழுவதும் கூரிய முள். தோட்டத்தைச் சுற்றி நெருக்கமாக நட்டுவிட்டால் மனிதனும் விலங்கும் நுழைய இயலாது என்பதால், இத்தீவுக் கூட்டப் பகுதிகளில் இதனை உயிர்வேலியாக வளர்ப்பதுண்டு. ஆக, வேலிச்செடி ஒன்றின் பெயரைத் தாங்கிய ஊரில் நின்றுகொண்டுதான் வேலிச்செடியைப் பற்றிப் பேசுகிறோம்!

தமிழருக்கும் வேலி புதிதன்று. சோழநாட்டில் 'வேலி' என்பது நில அளவாகவும் வழங்கியது. இருபது மா கொண்டது ஒரு வேலி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். பண்டைப் புறத்திணைகளின் பெயர்களிலும் வேலியோரச் செடிகள் இரண்டு இடம்பெற்றுள்ளன. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, மதிலைக் காத்து நிற்பது நொச்சி. நொச்சியின் இலையை ஆடுமாடுகள் விரும்பி மேய்வதில்லை என்பதால் தமிழகக் கிராமங்களில் இன்றும் அது வரப்பு வேலியாக நிற்கிறது. அரண் காப்போர் சூடிய பூ, வயலையும் காக்கிறது. பொருத்தமான பெயர்தான்.

வேலி என்றால் காப்பு என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு உப்புவரிக்காக ஒரு வேலி போட்டது. வரி குறைந்த பகுதிகளிலிருந்து உப்பு கடத்தப்படுவதைத் தடுக்க, சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதிப் பக்கம் வரை ஈராயிரம் மைல்களுக்கும் மேலாக நீண்ட சுங்கக் கோடு அது. முதலில் வெட்டிய முள்ளை அடுக்கிப் பார்த்தார்கள். கறையானும் தீயும் புயலும் அதை அழித்தன. பிறகு உயிருள்ள செடிகளையே நட்டார்கள். இலந்தை, கருவேல், களா, சப்பாத்திக்கள்ளி என்று மண்ணுக்கேற்பத் தேர்ந்தெடுத்து வளர்த்த அவ்வேலி, பல இடங்களில் எட்டு முதல் பன்னிரண்டு அடி உயரம் நின்றது. ஏறத்தாழ 12,000 பேர் அக்கோட்டைக் காவல் காத்தனர். 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்து இவ்வுயிர்வேலிப் பணியை முடுக்கிவிட்டவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆம், 1885இல் இந்தியத் தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவராக நாம் படித்த அதே ஹியூம்தான். 1879இல் அக்கோடு கைவிடப்பட்டது. செடித் தேர்வு என்ற நோக்கில் மட்டும் பார்த்தால் அது மிகச் சிறந்த வேலை. ஏழையின் கஞ்சிக்கு உப்பு எட்டாமல் செய்வதற்குச் செடியறிவு பயன்பட்டதே கொடுமை.

இனி நம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வேயில் எழுத்தராகவும் நிலைய அதிகாரியாகவும் பணியாற்ற யாழ்ப்பாணத்திலிருந்து பலர் வந்து, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியேறினர். அவர்கள் விட்டுவந்த ஊரில் வேலி ஒரு பண்பாடு. கிளுவையும் பூவரசும் முள்முருங்கையும் கதியால்களாக ஊன்றப்பட்டு, அவற்றிடையே கிடுகு கட்டி, ஆள் உயரத்திற்கு மேல் மறைப்பு எழும். வேலியை ஓரங்குலம் நகர்த்தியதற்காக நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் அங்கு ஏராளம். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பது அவ்வழக்குகளுக்கே பொருந்தும். இங்கு வந்தபோது கிடைத்ததோ அரசாங்கக் குடியிருப்பு. நிலம் தமதன்று, எல்லை தகராறுக்குரியதும் அன்று. ஆகவே மறைக்கும் வேலிக்குத் தேவையில்லாமல் போய், பூக்கும் வேலிக்கு இடம் கிடைத்தது.

தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்க்கோ வேலி என்று ஒன்று தனியாக இருந்ததே அரிது. வாசலோரத்து ஒரு முழ மண்ணில் துளசி, மருதாணி, கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவற்றை வைத்துக்கொண்டார்கள். இப்பட்டியலை ஊன்றிக் கவனியுங்கள். அழகுக்கு மட்டும் என்று ஒரு செடியும் இதில் இல்லை. சாமிக்கு, சமையலுக்கு, மருந்துக்கு, மணப்பெண்ணின் கைக்கு என ஒவ்வொன்றுக்கும் வேலை இருந்தது. மருதாணியை மலாய்க்காரர்கள் 'இனாய்' என்பர். அவர்கள் திருமணத்திலும் அதற்கு இடமுண்டு என்பதால், ஒரு வீட்டுச் செடி இரண்டு இனத்தாருக்கும் உதவியது.

1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவும் செய்தியும் செல்லாதபடி தடுக்க, 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குள் மாற்றப்பட்டனர். சாலாக் செலாத்தான் புதுக்கிராமமும் அக்காலத்தின் எச்சமே. தோட்ட லயங்களும் பல இடங்களில் ஒன்றாக்கப்பட்டு முள்கம்பிக்குள் கொண்டுவரப்பட்டன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வேலைக்காட்டிற்குச் சோறு கொண்டுசெல்ல முடியாது, வாயிலில் சோதனை நடக்கும், இரவில் ஊரடங்கு. அமெரிக்காவில் கால்நடைகளுக்காக 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி, இங்கு மனிதர்களைச் சுற்றி நின்றது.

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அதற்கு மூன்றே நாள் முன்னதாக, ஜூலை 28ஆம் நாள், செம்பருத்தி நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள்களும் அருகருகே அமைந்தது தற்செயல்தான். எனினும், முள்கம்பி அகன்ற வாரத்தில் ஒரு வேலிச்செடி அரியணை ஏறியதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது.

1958இல் விவசாய அமைச்சு முன்மொழிந்த மலர்களின் பட்டியல் சுவையானது. செம்பருத்தியோடு கெனாங்கா, மல்லிகை, தாமரை, ரோஜா, செண்பகம், மகிழம்பூ ஆகியன போட்டியில் இருந்தன. கெனாங்காவை விட்டுவிட்டால், மற்றவை யாவும் தமிழர் பெயர் சொல்லிச் சூடும் பூக்கள். மணத்தால் மதிப்பிட்டிருந்தால் மல்லிகையோ மகிழம்பூவோ வென்றிருக்கும். வென்றதோ மணமில்லாத, ஒரே நாளில் வாடிவிடும், ஆனால் நாடெங்கும் எல்லா இனத்தவர் வாசலிலும் நின்ற செம்பருத்தி.

நம் மாணவர்களின் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஐந்து இதழ்கள் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கின்றன என்று எழுதுவார்கள். குறியீடாக அதை ஏற்பதில் தடையில்லை. ஆனால் ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது 1970 ஆகஸ்டு 31இல், மலர் தேர்வான பத்தாண்டுகளுக்குப் பின்னரே. 'அதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள்' என்று எழுதினால் வரலாறு தலைகீழாகிவிடும்.

செம்பருத்தியைப் பற்றி மற்றுமொரு செய்தி. வேலிகளில் நாம் காணும் வகை பொதுவாக விதை வைப்பதில்லை, கிளையை வெட்டி ஊன்றித்தான் பெருக்க வேண்டும். எனவே பழைய வேலிகளில் நிற்கும் செம்பருத்தி ஒவ்வொன்றும், என்றோ எவரோ ஒருவர் வெட்டிக் கொடுத்த கிளை. பக்கத்து வீட்டாரிடம் பேச்சு இல்லாதவருக்கு அந்நாளில் செம்பருத்தி வேலி அமைந்திருக்காது.

இன்று கிளை கேட்பார் குறைவு. தலைநகர்வாசிகள் செடி வாங்கச் சுங்கை பூலோவுக்குச் செல்கிறார்கள். அந்நாற்றுப் பண்ணைகளுக்கும் ஒரு வேலிக்கதை உண்டு. 1930இல் தொழுநோயாளிகளுக்காக அங்கு தனிக்குடியிருப்பு திறக்கப்பட்டது. நோயுற்றோர் குடும்பத்தைப் பிரிந்து அதற்குள் வாழ்ந்தனர். குணமடைந்த பின்னரும் வெளியுலகம் ஏற்கத் தயங்கிய நிலையில், பலர் அங்கேயே செடி வளர்த்து விற்றுப் பிழைத்தனர். 2007இல் குடியிருப்பின் ஒரு பகுதி பல்கலைக்கழக வளாகத்திற்காக இடிக்கப்பட்டது. வேலிக்குள் ஒதுக்கப்பட்ட மனிதர்கள் வளர்த்த செடிகள், ஒதுக்கியவர்களின் வீட்டு வேலிகளை அலங்கரித்தன.

சரி, இன்று எதை நடுவது? அரளி வேண்டாம். இலை, தண்டு, பூ அனைத்தும் நஞ்சு, சிறுவர் உள்ள வீட்டிற்கு ஆகாது. 'கெமூனிங்' நல்ல மணமுடையது, கத்தரித்து வடிவாக வைக்கலாம். ஷா ஆலாமில் ஒரு நகரே கோத்தா கெமூனிங் என்று அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. என் தேர்வு வெட்சிதான். மலாயில் 'சியாந்தான்', தமிழகத்தில் இட்லிப்பூ. தாவரவியலார் அதற்கு வைத்த இக்சோரா என்னும் பெயர் ஈசுவரன் என்ற சொல்லின் திரிபு என்பர். குட்டை வகையை ஒன்றரை அடி இடைவெளியில் நட்டு, பூத்து ஓய்ந்ததும் நுனியைக் கத்தரித்து வந்தால் இடுப்புக்கு மேல் போகாது. வேலிக்கு மேலாக அண்டை வீட்டாரின் முகமும் தெரியும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வெட்சிக்குப் புளிப்பு மண் வேண்டும். வேலிச்சுவரின் சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் தன்மையை மாற்றிவிடுவதால், சுவரை ஒட்டி நட்ட செடியின் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மஞ்சளித்துப் போகும். உரம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டாதீர்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மக்கிய இலைகளைக் கலந்து நடுங்கள். ஈயச்சுரங்க மணல் கலந்த நிலமாயின் குழியைச் சற்று அகலமாகவே தோண்டுங்கள், அம்மணலில் நீர் நிற்காது.