தேறலும் காலமும்

நெய்யாற்றின்கரை, பாறசாலை, காட்டாக்கடை வட்டாரச் சிற்றூர்களை விட்டு அயல்நாடு சென்று வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பனையின் இயல்பை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவின் சாறு அக்கானியாக இனிக்கும். தடவாவிடின் கள்ளாகப் பொங்கும். அக்கள் ஓரிரு நாளிலேயே புளித்துக் காடியாகத் தொடங்கும். அக்கானியைக் காய்ச்சிப் பெற்ற கருப்பட்டியோ, ஈரம் படாது காப்பின் நெடுநாள் நிற்கும். ஒரே மரத்துச் சாற்றில் ஒன்றைக் காலம் கெடுக்கிறது. மற்றொன்று காலத்தைத் தாங்குகிறது. ஆதலின், பழமை எதற்குச் சிறப்பு, எதற்குக் கேடு என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

சங்கச் சான்றோர் தெளிந்த மதுவைத் தேறல் என்றனர். தேறுதல் என்பது தெளிதல். திருமுருகாற்றுப்படையில் குறவர் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன்மதுவை அருந்துகின்றனர். புறநானூற்று 392ஆம் பாட்டில், நாள்பட்ட தேறலின் கடுமையை ஔவையார் தேள்கடிக்கு ஒப்பிடுகிறார். 56ஆம் பாட்டில், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த மணமிக்க தேறலை அருந்தி இனிது வாழுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். மதுவோடு கலத்தையும் புலவர் சிறப்பித்தமை நோக்கத்தக்கது.

அக்கலங்களின் இயல்பை அகழாய்வுகள் காட்டுகின்றன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய ஆய்விலும், 2007இல் தொடங்கிய கேரளத்துப் பட்டணம் ஆய்விலும், ஆம்போரா எனப்படும் இருகாதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. முசிறிக்கு மது சிறிதளவே வந்ததெனக் கி.பி. முதல் நூற்றாண்டுப் பெரிப்ளூஸ் கூறுகிறது. நெடுங்கடல் கடக்க வேண்டிய அம்மதுவுக்காகச் சாடியின் உட்புறம் பிசின் பூசி, வாயை இறுக அடைத்தனர். காற்றுப் புகின் மதுவும் காடியாகும் அன்றோ?

இன்றைய திராட்சை மதுவுக்கும் விதி இதுவே. கடைகளில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே ஆக்கப்பட்டவை. துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு ஆகியவற்றுள் ஏற்றவை போதிய அளவில் அமைந்த சிலவே பல்லாண்டு முதிரும். அவற்றில் துவர்ப்பு மெல்ல அடங்கிப் புதுமணங்கள் தோன்றும். குடியைப் போற்றுதல் நம் நோக்கமன்று. எனினும், விருந்துக்கோ பரிசுக்கோ முதன்முறை வாங்குவோர் சிலவற்றை அறிதல் நலம். புட்டியில் பொறித்த ஆண்டு திராட்சை பறித்த ஆண்டேயன்றித் தரச்சான்று அன்று. வெயில் படும் சாளரத்திலும் வெப்பமான இடத்திலும் வைத்ததை வாங்கற்க. கழுத்தளவு இருக்க வேண்டிய மது தாழ்ந்திருப்பின், அடைப்பில் ஐயம் கொள்க. தக்கை அடைப்புள்ள புட்டியைக் குளிர்ந்த இருளிடத்தில், ஏறத்தாழ 12 அல்லது 13 பாகை செல்சியசில், தக்கை உலராதவாறு கிடத்தி வைக்க. முதிர்தற்குரிய ஒரே மதுவில் மூன்று புட்டி வாங்கி, சில ஆண்டுகள் இடைவிட்டு ஒவ்வொன்றாகத் திறப்பின், காலம் செய்வதை நாவே உணரும்.

பழமை தானே எதையும் காப்பதில்லை. கலமும் காவலும் வேண்டும். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும் வாழும் நம் மக்களின் தமிழுக்கும் இது பொருந்தும். ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசுவதால் மட்டும் அது பிள்ளைகளிடம் நில்லாது. நாள்தோறும் தமிழ் வழங்கும் இல்லமே அதற்குக் கலம்.