புதினத்தில் ஒரு முடிதிருத்தகம்

பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயத்தால் எழுந்த ஊர் கோப்பெங். 1879ஆம் ஆண்டில் யூ கோங் என்பார் சுரங்கத் தொழிலாளர்க்காக இங்குத் திறந்த மருந்துக்கடையே பின்னாளில் 'யூ யான் சாங்' எனப் பல நாடுகளிலும் கிளைத்தது. இதனை வரலாறு குறித்து வைத்துள்ளது. சுரங்கத்தில் உழைத்தவன் தன்னை எந்நாட்டவனாக எண்ணினான் என்பதைக் கதைகளிலேதான் தேட வேண்டும்.

1918இல் லூ சுன் எழுதிய 'பித்தனின் நாட்குறிப்பு' சீனப் புனைகதையைப் பழஞ்செந்நடையிலிருந்து பேச்சுமொழியின் பக்கம் திருப்பியது. அக்காற்று மலாயாச் சீன இதழ்களிலும் வீசியது. இங்குள்ள எழுத்தாளர் சீனத்தைப் பாடுவதா, காலடி மண்ணைப் பாடுவதா என்று 1947-48இல் பெரும் விவாதம் மூண்டது. இலக்கியப் பூசல்போலத் தோன்றினும், 'நாம் யார்' என்பதே அங்குக் கேட்கப்பட்ட வினா. 1948இல் அவசரகாலம் வந்தது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி சீனக் குடும்பங்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டன. கோப்பெங்கை அடுத்த கோப்பிசானும் ஒரு புதுக்கிராமமே. வினாவுக்கு விடை காணுமுன்னரே வேலி எழுந்துவிட்டது.

விடையின் ஒரு பகுதியை 1971இல் ஈப்போவில் பிறந்த லீ ஸிஷூ என்னும் பெண் எழுத்தாளரிடம் காணலாம். 2020இல் வெளிவந்த அவரது சீனப் புதினம், ஈப்போவை நினைவூட்டும் ஓர் 'ஈய நகர'த்தில் நிகழ்கிறது. தலைவி பார்வையற்றவள், வாடகைக்கார் நிலையத்தில் குரலாலேயே வண்டிகளை அனுப்புபவள். அடுக்குமாடியின் கீழே ஓர் இந்தியரின் முடிதிருத்தகம். அவ்வீட்டுத் தாய், தந்தம் முறிந்த விநாயகரின் கதையைச் சிறுமிக்குச் சொல்கிறாள். மகன் சீனப்பள்ளியில் பயின்று வழக்கறிஞனாகிறான். 2018 பொதுத்தேர்தல் வரை கதை நீள்கிறது. சீனத்தை நோக்கிய ஏக்கத்தைவிட, மாடிப்படியில் எதிர்ப்படும் அயலாரைப் பற்றிய அக்கறையே இதில் மேலோங்கி நிற்கிறது.

தோட்டப்புறத் தமிழ்ப் புதினங்களிலோ சீனர் பெரும்பாலும் கடைக்காரராக வந்து, கணக்கெழுதிவிட்டுப் போகிறார். அவர் வீட்டுக்குள் நம் கதைகள் அரிதாகவே நுழைந்துள்ளன. மொழி அறியாமை ஒரு காரணம். அதுவே முழுக் காரணமன்று. இன்று தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சீனப்பள்ளிகளில் பயில்கின்றனர். தமிழ்ப்பள்ளிகளுக்கு அது இழப்பே, ஐயமில்லை. எனினும், முடிதிருத்துவோர் மகனின் கதையை மூலத்திலேயே படித்து, அதில் தம்மைக் காட்டிய விதம் சரியா என்று சீனரிடம் வாதிடக் கூடியவர்கள் அப்பிள்ளைகளே.